பக்கம் மூன்று, வரி பதினொன்று

குன்னூர் பெட்ஃபோர்டில்
செருப்புக் கடைக்கு மேலே மாடி, இரண்டாவது அறை.
தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் தட்டித் தர
பக்கத்துக்கு அறுபது ரூபாய் எனக்கு.
ஜன்னலைத் திறந்தால் மஞ்சு உள்ளே வந்து
கீபோர்டில் உட்கார்ந்துகொள்ளும்.

அன்றைய சாட்சி பவளக்கொடி, வயது ஐம்பத்தேழு,
கொழுந்து எடுப்பவர்.
கணவர் முத்துவீரன்
ஃபாக்டரியில் இலை வாட்டும் மாடியில்
ஃபேன் பெல்ட் அறுந்த இரவில் போனவர்.
நிர்வாகத்தின் வக்கீல்
கோயம்புத்தூரிலிருந்து ஏறி வந்திருந்தார், காதில் பஞ்சு.
"பிணம் வந்தபோது அழுதீர்களா?"
அழாதவள் மனைவியா என்பது
அவர் கேட்காமல் வைத்திருந்த அடுத்த கேள்வி.

"அன்னிக்கு அழலிங்க.
மூணாம் நாளு ரேசன் கடையில
மெசின்ல அவரு பேரு வந்துச்சு.
விரலை வைக்கச் சொல்லுன்னான்.
அந்த மாசத்து அரிசி
அவருக்கும் சேத்துத்தான் போட்டான்.
அப்பத் தேம்பினேன்."

தேம்பினேன்.
என் விரல்கள் நின்றன.

க்ரை என்று போடலாம்.
ஆனால் மார்க்கெட்டில் கேரட்காரன் கூவினாலும்
ஆங்கிலத்தில் அது க்ரைதான்.
வீப் சர்ச்சில் முன் வரிசையில் உட்காரும் சொல்,
இஸ்திரி போட்ட கைக்குட்டை வைத்திருக்கும்.
வெய்ல் உண்டு. அதற்குச் சத்தம் வேண்டும்.
வாய்விட்டுச் சொன்னால் வெயில் என்று கேட்கிறது,
ஜூலை மாதத்தில் இங்கே அதுவும் கிடையாது.
மோர்ன் மாதக்கணக்கில் செய்வது,
லீவு இருப்பவர்களுக்கு.
ஸாப்தான் கிட்டே வருகிறது.
ஆனாலும் ஸாப்பில் மூச்சு வெளியே வந்துவிடுகிறது.
தேம்பலில் அது பாதி வழியில் திரும்பி
விழுங்கப்படுகிறது,
கியூவில் பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியாமல்.

பழைய தமிழில்
கொடி வாடினாலும் தேம்பியது என்பார்கள்.
அவளுக்குப் பெயர் கொடி.
அவர் இராத்திரியெல்லாம் வாட்டியது இலை.
இதை எந்தக் கட்டத்தில் தட்டுவது?

கோப்பில் முதல் தாள் நிர்வாகத்தின் கடிதம்.
ரிக்ரெட் என்றிருந்ததை
வருந்துகிறது என்று நான்தான் தமிழாக்கினேன்.
ஒரு நிமிடம் ஆகவில்லை.
மரம் விழுந்து மலை ரயில் ரத்தானாலும்
ஸ்டேஷன் போர்டில் அதே சொல்தான் தொங்குகிறது,
இரண்டு மொழியிலும் அதே கனத்தில்.

இலக்கணக்காரர்கள் கூடலை மலைக்குக் கொடுத்தார்கள்.
இரங்கலைக் கடற்கரைக்கு ஒதுக்கிவிட்டார்கள்.
பவளக்கொடி பத்து வயதில் ராமேஸ்வரத்தில் இறங்கியவள்.
தலைமன்னார்க் கப்பல், தகரப் பெட்டி,
பெயர் தப்பாக எழுதிய அட்டை ஒன்று.
யார் கண்டது,
அந்த உப்பும் கூடவே
நாற்பது வளைவு ஏறி வந்திருக்கலாம்.

"என்னம்மா, ஒரு வார்த்தைக்கு இவ்வளவு நேரம்?"
அதிகாரிக்கு இரண்டு மணிக்கு ஊட்டியில் மீட்டிங்.
தேம்பினேன் என்பதை
ஆங்கில எழுத்திலேயே அடித்துக் காட்டினேன்.
கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"இது என்ன, ஊர்ப் பேரா? மாத்துங்க."
மாற்றினேன்.

கையெழுத்து வாங்கும்போது அவள் கேட்டாள்,
"என்ன தாயி போட்டீங்க?"
"ஸாப்."
உதட்டில் வைத்து மெல்லப் பார்த்தாள்.
"சாப்... சாப்பாட்டுல பாதிங்களா?"
சொல்லிவிட்டுச் சிரித்தாள்,
முந்தானையைக்கூட வாய்க்குக் கொண்டுபோகாமல்.

வக்கீல் நிமிர்ந்தார்.
சாட்சி சிரித்தார் என்பதையும்
பதிவு செய்ய வேண்டும் என்றார்.

அதற்கு ஆங்கிலம்
உடனே கிடைத்தது.