நாற்பத்தோராம் நொடி

தார்த்து நகரம், ஏப்ரல்,
விடுதியின் கீழ்த்தளத்தில் பழைய சலவையறை.
துணி உலர்த்திய கம்பிகளை இன்னும் யாரும் கழற்றவில்லை.
அதிலேயே கேமராவைத் தொங்கவிடலாம் என்றான் யாகுப்.
செலவுப் பட்டியலில் ஒரு வரி குறைந்தது.

மொத்தம் நூற்று நாற்பது யூரோ.
ஒட்டுப்பலகை, கறுப்புத் துணி, நாற்காலி ஒன்று
(எதிர் நாற்காலி வேண்டாம், எதிரில் திரை).
கடைசியில் மாரிகா எழுதிச் சேர்த்தாள்:
கண்ணுக்குச் சொட்டுமருந்து, மூன்று.

வசந்த விழாவில் எங்களுக்குப் பதினேழாம் எண்.
பதினாறில் வாஃபிள் சுடுகிறார்கள்,
பதினெட்டில் இரத்ததானம்.
நடுவே நாங்கள்:
வா, உட்கார், பார்.
முதலில் இமைத்தவர் தோற்றவர்.

திரையில் யார் கண்கள்?
சீட்டுக் குலுக்கியதில் த்ரீனு.
இமைக்காதே என்றோம்.
அதுவரை இமைப்பது அவளுக்கு நினைவிலேயே இல்லை,
சொன்னதும் மணல் விழுந்தாற்போல் ஆயிற்று.
நாற்பது நொடி தாங்கினாள்.
அடுத்த நொடியில்
இடக்கண் ஓரம் நீர் கோத்து
உடைந்து
மூக்கோரமாய் இறங்க
இமை விழுந்தது.

யாகுப் அந்த நொடியை வெட்டி எறிந்தான்.
நாற்பதின் வாலை நாற்பதின் தலையோடு
தையல் தெரியாமல் ஒட்டினான்.
த்ரீனுவை இமையவரோடு சேர்த்தாயிற்று.

அன்றிரவு எல்லாரும் தோற்றோம்.
நான் இருபத்திரண்டு நொடி.
மாரிகா முப்பத்தைந்து, அதுவும் சிரித்ததால்.
யாகுப் மட்டும் ஒரு நிமிடம் தாண்டினான்,
தான் எழுதிய நிரலிடம் தோற்க மனமில்லாமல்.
த்ரீனுவும் உட்கார்ந்தாள்
தன்னிடமே தோற்க.
பத்தொன்பது.

இரண்டு மணிக்குச் சாவிக்கொத்துச் சத்தம்.
இரவுக் காவலர் உர்மாஸ்,
கட்டடத்தின் பன்னிரண்டு கேமராக்களையும்
விடியும்வரை பார்த்திருப்பவர்.
விளக்கை அணைக்கச் சொல்ல வந்தவர்
நாற்காலியில் அமர்ந்துவிட்டார்.
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்,
யார் வீட்டுக்கோ வந்ததுபோல.

ஒரு நிமிடம்.
ஒன்றரை.
இரண்டு நிமிடம் நாலு நொடியில் இமைத்தார்.
மாரிகா கைதட்டினாள்.
அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இந்தப் பெண்ணை
எவ்வளவு நேரமாய் இப்படி உட்கார வைத்திருக்கிறீர்கள்?"

அவர் முதுகுக்குப் பின்னால்தான் நின்றாள் த்ரீனு,
தேநீர்க் கோப்பையோடு.
சொல்வதற்கு யாரிடமும் எதுவும் இல்லை.

அவர் போனபின் சண்டை.
அதுவும் இமைக்கவேண்டும் என்றாள் மாரிகா.
இமைத்தால் தோற்கும்,
தோற்றால் பரிசு தரணும்,
நம்மிடம் முப்பது சாக்லேட்தான் என்றான் யாகுப்.
தோற்கத் தெரியாததோடு எவன் விளையாடுவான்?
வரிசையில் நிற்பார்கள் பார். நிற்கமாட்டார்கள்.
வாஃபிளுக்குத்தான் நிற்பார்கள்.
எத்தனாவது நொடியில் தோற்பது
என்பதற்கு மட்டும் முக்கால் மணி நேரம்.

அழித்தவை கிடக்கும் கோப்புறையில் தேடி
அந்த ஒரு நொடியை யாகுப் மீட்டெடுத்தான்.
கண்ணீரை மட்டும் நீக்கிவிடட்டுமா?
இருக்கட்டும் என்றாள் த்ரீனு,
கோப்பையைக் கழுவிக்கொண்டே.

இருபதுக்கும் தொண்ணூறுக்கும் இடையே எங்கேனும்
அது வந்து விழும்படி வைத்தோம்.
எப்போதென்று எங்களுக்கும் தெரியாது.
பலகைகளை அடுக்கும்போது பார்த்தேன்,
வெற்று நாற்காலியை உற்றுப் பார்த்திருந்தவள்
அழுது, இமைத்து,
பழையபடி பார்க்கத் தொடங்கினாள்.

நாலரைக்கே வெளுத்துவிட்டது.
எமயோகி ஆறு கரைவரை நிரம்பி
ஓசையில்லாமல் போய்க்கொண்டிருக்கும் இந்நேரம்.
மற்றவர்கள் முன்னே போக
மாடிப்படித் திருப்பத்தில் நின்றேன்.
மூலையில் பன்னிரண்டாம் கேமரா,
சிவப்புப் புள்ளி.
அந்தப் பக்கம் உர்மாஸ் இருக்கலாம்,
தேநீர் போடப் போயிருக்கலாம்.

இருபத்தெட்டு நொடி.
என் கணக்கில் அதுதான் அதிகம்.