‘வெள்ளைக்கல்’லின் இரண்டாவது ஆல்பம்

“மொதல் ஆல்பத்துல பக்கத்து வீட்டுத் தறி
தாளத்தோட சண்டை போடும்.
இதுல சண்டையே இல்ல” என்றான்
அம்மாப்பேட்டை ஜெயசீலன்,
தட்டுவடை செட்டிலிருந்து பீட்ரூட் உதிர.

ரெஹானாவுக்கு டிரம்ஸ் போதவில்லை.
அவள் தம்பிக்கு டிரம்ஸ் மட்டும் போதும்.
ஸ்டீல் பிளான்ட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த
குழந்தைவேலு பாதியில் தூங்கிவிட்டாராம்;
அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

நான் வாய் திறக்கவில்லை.

ஏற்காடு ஏறுகையில்
பதினான்காவது கொண்டை ஊசி வளைவில்
காதுக்குள் ஏழாவது பாட்டு.
கிதார் நின்றுவிட்டது.
டிரம்ஸ் வர வேண்டும்.
வரவில்லை.
ஒரு மூச்சு.
இன்னொன்று.

குழுவே இரண்டு பேர்தான்.
போன வருஷமே பேச்சு நின்றுவிட்டதாகக் கேள்வி.

பிறகு
இருவரும் ஒரே அடியில் விழுகிறார்கள்.

கியர் மாற்ற மறந்திருக்கிறேன்.
மேட்டில்
வண்டி ஆஃப்.