டயர் கிடங்கில் மூன்றாம் நாள்

புலவாயோவில் நள்ளிரவு பன்னிரண்டு என்றால்
நியூசிலாந்தில் பகல் பதினொன்று.
நடுவர்கள் மைதானத்துக்குள் இறங்குகிறார்கள்.
நான் பின்வாசல் பூட்டை
ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு
காதில் ஒயரைச் செருகிக்கொள்கிறேன்.

இந்தப் பிப்ரவரி மட்டும்
பகல் முறை வேண்டாமென்று நான் ஏன் சொன்னேன்,
முதலாளிக்குத் தெரியாது.
நொம்புலேலோவுக்குத் தெரியும்.
சமையல் எண்ணெய்க்கு வைத்திருந்த டாலரில்
டேட்டா போட்டதும் தெரியும்.
"ஜெயிக்கவா போறாங்க?"
இல்லை என்றேன்.
கழுவிய வாணலியையே
மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

முதல் டெஸ்ட்
மூன்றாம் நாள் உணவு இடைவேளைக்குப் பின்
இருபது நிமிஷம்கூடத் தாங்கவில்லை.
இங்கே அப்போது மணி மூன்று.
மிச்சமிருந்த நாலு மணி நேரமும்
அடுத்த இரண்டு இரவுகளும்
யாரோ கைமாற்றாக வாங்கிப்போய்த் திருப்பித் தராத பணம்.
டயர்களை எண்ணினேன். ஆயிரத்து நூற்றிநாற்பது.
திரும்ப எண்ணினேன். ஒன்று குறைந்தது.
மூன்றாம் முறை எண்ணப் பயமாக இருந்தது.

எதிர் மாவு மில்லின் காவலாளி ஃபராய்
கால்பந்துக்காரன்.
ஐந்து நாள் ஆடிவிட்டு டிராவா என்று காறித் துப்புகிறவன்.
ஆனாலும் மணிக்கொரு தரம்
இருட்டுக்குள்ளிருந்து டார்ச்சைச் சிமிட்டுவான்.
விக்கெட் விழுந்திருந்தால், விழுந்த கணக்குக்கு
நான் திருப்பிச் சிமிட்ட வேண்டும்.
முதல் இன்னிங்ஸ் முடிவதற்குள்
என் பேட்டரி தீர்ந்துவிட்டது.

மற்ற நாட்டு ரசிகர்கள் தொடர் கேட்கிறார்கள், கோப்பை கேட்கிறார்கள்.
நான் நாலாம் நாள் கேட்கிறேன்.
நாலாம் நாள் காலையில்
துவைத்த வெள்ளைச் சட்டையோடு
நம் பையன்கள் இரண்டு பேர் படியிறங்குவதை
வர்ணனையாளர் கொட்டாவியோடு சொன்னாலும் போதும்.
இதைப் பேராசை என்று யாராவது சொன்னால்
ஒப்புக்கொள்வேன்.

பாலோ-ஆன்.
இருநூற்று எழுபத்தொன்பது பின்தங்கி
ஆறு முப்பத்தைந்துக்கு மூன்றாவது விக்கெட்.
இங்கே வெயில் ஏறிவிட்டது,
அங்கே பொழுது சாய்கிறது.
நல்ல ஆட்டக்காரனை இந்த நேரத்தில் அனுப்பிப் பறிகொடுக்கக் கூடாதென்று
மபேனாவை அனுப்புகிறார்கள்.
முப்பத்தெட்டு ஓவர் வீசி
குதிகால் வீங்கியவன்.
பேட்டை மண்வெட்டிபோல் பிடிப்பவன்.

"நைட் வாட்ச்மேன் வருகிறார்" என்றது குரல்.
சட்டென்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.
என்னைச் சொல்லவில்லை என்று புரிய
ஒரு பந்து ஆனது.

அது விலாவில் பட்டது.
அடுத்தது ஸ்லிப்புக்கு அரை அடி முன்னால் விழுந்தது.
மபேனா, தம்பி,
உன் வேலைதான் எனக்கும்.
எதையும் சேர்க்க வேண்டாம்.
இருப்பதை எவனும் எடுத்துப்போகாமல் பார்த்துக்கொள்,
அவ்வளவுதான்.
நாய் குரைத்தால் அசையாதே.
வெளியே போகிற பந்து வெளியேதான் போகும், விடு.
விட்டான்.
இன்னொன்றையும் விட்டான்.

மாற்றுக் காவலாளி ஓபெட் வந்து சைக்கிளைச் சாய்த்தான்.
கையைக் காட்டி நிறுத்தினேன்.
டார்ச் அடித்தால் தெரியாத அளவு வெளிச்சம் என்பதால்
ஃபராய் நடுச்சாலைக்கே வந்துவிட்டான்.
ரொட்டி வேன்காரன் ஹாரன் அடித்தான்,
விலகவில்லை.
பாட்டரி நாலு சதவீதம்.
கடைசி ஓவர், கடைசிப் பந்து,
மட்டையின் நடுவில் பட்டு
காலடியிலேயே செத்து விழுந்தது.

இருபத்திரண்டு பந்து. ரன் இல்லை.

ஓபெட் பதிவேட்டை நீட்டினான்.
'இரவில் நடந்தவை' என்ற கட்டத்தில்
ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதினேன்.
பேனாவைக் கொஞ்சம் அழுத்திவிட்டேன் போலிருக்கிறது.
அடுத்த பக்கத்திலும்,
நாளைய தேதிக்குக் கீழே,
அதே எழுத்து
மையில்லாமல் பதிந்திருந்தது.