பழைய சுவிட்ச் இருந்த இடம்

பெர்கனில் நவம்பர். நாலு மணிக்கே இருட்டு.

பதினோரு வெள்ளைகளில் ஒன்றைப் பிடித்தேன்,
பெயர் ஈர உப்பு.
அலமாரிக்குக் கைப்பிடி கிடையாது,
அழுத்தினால் பெருமூச்சு விட்டுத் திறக்கும்.
சுவரும் தரையும் தொடக்கூடாது என்றேன்;
நடுவில் ஒரு விரல் நிழல்.

சுவிட்ச் மட்டும் கதவுக்கு இடப்பக்கம் போனது,
இடுப்பு உயரத்தில், பித்தளையில்.
ஐவின் காப்பியைப் பார்த்தபடி
'உன் இஷ்டம்' என்றான்.

வேலை முடிந்து ஐந்து வாரம்.
இருட்டில் நுழைந்தால் கை
இன்னும் வலப்பக்கம்தான் போகிறது.
சுண்ணாம்புப் பூச்சு ஜில்லென்று
இல்லை என்கிறது.

இன்று பகலில்
ஈர உப்பின் மேல் மங்கலாய் ஓர் அழுக்கு.
துணி நனைத்துக்கொண்டு கிட்டே போனேன்.

ஒன்றல்ல, இரண்டு.
மற்றது என் கைக்கு எட்டும் உயரத்துக்குச்
சற்று மேலே.

துணியைப் பிழிந்து
ஹீட்டர் மேல் போட்டுவிட்டேன்.