நாற்பது கிட்டி, ஒரு ஜோடி பூட்ஸ்

திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில்
முதல் ஜோடியைக் கையில் வாங்கியதுமே தெரிந்தது,
கனம்.
பக்கத்துக் கருவாட்டுக் கடைத் தராசில் வைத்தேன்:
ஒன்று மட்டும் முக்கால் கிலோ.
தோளில் ஏற்கெனவே நாற்பது எலிக்கிட்டி.
களிமண் தன் பங்குக்கு ஒரு கிலோ ஏற்றாமல் விடாது.

"தண்ணீர் உள்ளே போகவே போகாது" என்றார் கடைக்காரர்.
போகட்டுமே.
போனது வெளியே வரணும், அதுதான் பேச்சு.
கோரையாற்றைத் தாண்டினால்
முழங்கால் நனையாத வயலில்லை.

கடைசியில் ஒரு கான்வாஸ் பூட்ஸ்.
கணுக்கால் மூடும், ஓரத்தில் நாலு ஓட்டை,
அடியை மடித்துப் பார்த்தேன், வெடிக்கவில்லை.
போன தையில் மச்சான் பக்கிரிசாமியைக்
கண்ணாடி விரியன் தொட்ட இடம்
சரியாக அதன் நாடாவுக்குள் அடங்கியது.
அறுநூற்றைம்பது. முப்பது குறைத்தார்.

அன்றிரவே இறங்கினேன்.
அறுத்த தாளடி, நெற்றியில் டார்ச்.
நடந்தேன், நடந்தேன்,
ஒரு வளையும் அகப்படவில்லை.
அடியில் பொள்ளல் இருந்தால்
மண் லேசாக அமுங்கும்.
இத்தனை வருஷம் அதைச் சொன்னது
கண்ணில்லை, குதிகால்.

இடது பூட்ஸைக் கழற்றி
நாடாவை முடிந்து கழுத்தில் மாட்டினேன்.
அடுத்த வரப்பிலிருந்து ராசாம்பாள்
டார்ச் அடித்துப் பார்த்தாள்:
"பாம்புகிட்ட சொல்லிட்டியா,
எந்தக் கால்னு?"