குறிப்பில் இல்லாதது

ரொறொன்ரோ அருங்காட்சியகத்தில் எனக்கு இரவுக் காவல்.
ரோமர் கூடத்தில் ஒரு கல்லறைப் பலகை:
மூக்குடைந்த மனைவி, கைபிடித்தபடி புருசன்.
பக்கத்துக் குறிப்பு சொல்கிறது,
மூச்சு அடங்கியதும் பெயர் சொல்லி அழைப்பார்களாம்,
உரத்து, திரும்பத் திரும்ப.
உயிர் மிச்சமிருந்தால் எழும்பட்டும் என்று.
எழும்பாவிட்டால்தான் வாயில் காசு,
ஆற்றைக் கடத்தும் தோணிக்காரனுக்கு.

போன மாசி, ஸ்காபரோ ஆஸ்பத்திரி.
நானும் அழைத்தேன்தான்:
இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ.
முப்பத்தொரு வருசம்
அதற்குத்தான் திரும்பிப் பார்த்தவர்.
நெற்றியில் வைக்கக் கையில் இருந்தது
பஸ்சுக்கென வைத்திருந்த இரண்டு டொலர்க் காசு.
விடியற்புறம் தாதி அதை உறையிலிட்டு,
ஒட்டி,
கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பித் தந்தாள்.

படிவத்துக்குப் பெயர் கேட்டார்கள்.
ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாய்ச் சொன்னேன்.
அது அழைத்ததாகுமா?

இப்போது மணி மூன்றரை.
கமரா பார்க்கிறது; அதற்குக் காது இல்லை.
கல்லின் முன் நின்று
பரநிருபசிங்கம் என்றேன்.
புதுப்பெண்ணைப் போல வாய் கூசியது.
பிறகும் சொன்னேன், கொஞ்சம் உரத்து.
வெப்பக் குழாய் ஒருதரம் கனைத்தது.
கல்மனைவி தன் புருசனைவிட்டுப்
பார்வையை எடுக்கவில்லை.

எத்தனை தரம் அழைக்கவேண்டுமென்று
குறிப்பில் இல்லை.
நாளைக்கும் எனக்கு இரவு வேலைதான்.