பதினெட்டு நிமிடம்

மேடைக்கடியில் ஒரு பெட்டி.
அதற்குள் நான், ஒரு கைவிளக்கு,
நாடகப் பிரதி, கூடுதலாக ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறை.
பகலில் தபால் கொடுக்கிறேன்.
ஜனவரியில் மூன்று இரவுகள் மட்டும்
அடியெடுத்துக் கொடுக்கிறேன்.

லிந்த் பள்ளத்தாக்கில் இந்த மாதம்
வெயில் பதினொன்றுக்கு வந்து
பன்னிரண்டுக்குப் போய்விடும்,
ரயில் மாற இறங்கியவரைப் போல.
ஆகவே உடற்பயிற்சிக் கழகத்தார்
கூடைப்பந்துக் கோடுகளின்மேல் நாற்காலி போடுகிறார்கள்.
முதலில் பிள்ளைகளின் குட்டிக்கரணம்.
கடைசியில் குலுக்கல், முதல் பரிசு பன்றித்தொடை.
நடுவே எங்கள் பதினெட்டு நிமிடம்.

கதை இவ்வளவுதான்:
வரி அதிகாரி அலமாரிக்குள்.
கணவன் வருகிறான். கோட்டு நனைந்திருக்கிறது.
மாட்ட வேண்டும்.
வீட்டில் அலமாரி ஒன்றுதான்.

இருநூறு பேருக்குத் தெரியும்,
ஒருவனுக்குத் தெரியாது.
அந்த ஒருவன் பால்ட்ஸ்,
மலைமேல் பனிச்சறுக்கு இழுவையை இயக்குபவன்.
ஒத்திகையில் சபையைப் பார்த்துக் கண்ணடித்தான்,
புருவத்தைத் தூக்கித் தூக்கி இறக்கினான்.
ரேகுலா நிறுத்தினாள். அவள்தான் இயக்குநர்,
மனைவியும் அவளே, பதினெட்டு நிமிடத்துக்கு.
"யாரையும் சிரிக்க வைக்காதே.
உனக்குக் குளிர்கிறது. கோட்டை மாட்டு."

வெள்ளிக்கிழமை நன்றாகவே ஓடியது.
முப்பத்தொரு சிரிப்பு, எண்ணினேன்.
நான்கு ஃப்ரிடோலினுடையது மட்டும், கணக்கில் சேராது;
அபராதச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும்
வாசலில் நின்று சிரிக்கிற மனிதர்.

சனிக்கிழமை கதவு திறக்கவில்லை.
ஈரத்தில் மரம் ஊதியிருந்தது.
வெளியே பால்ட்ஸ் தட்டினான், தள்ளினான்,
ஒருமுறை மரியாதையாக இருமினான்.
உள்ளே ரேகுலா, கையில் கரண்டி, வாயில் சொல்லில்லை.
மேலிருந்து என்னைப் பார்த்தாள்.
நான் பிரதியைப் பார்த்தேன்.
'கதவு திறக்கிறது' என்றுதான் போட்டிருந்தது.

அவன் கொல்லைப்புறமாய் இறங்கி
நிஜப் பனியில் மண்டபத்தைச் சுற்றி ஓடி
பார்வையாளர் வாசல் வழியே வந்தான்,
தலையெல்லாம் வெள்ளை, மூச்சு இரைக்க,
நாற்காலிகளுக்கு நடுவே "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று.
மேடைப் படியில் ஏறும் முன் நின்றான்.
காலணியைத் துடைத்தான்.
இடது. வலது.
மறுபடி இடது.

கூரையில் இருந்த பனி
அப்போது ஏன் சரியவில்லை என்று தெரியவில்லை.
அக்டோபரில் கணவரைப் புதைத்த ஃபெரேனா
முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு
போதும் போதும் என்று கை காட்டினாள்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை
கதவை ஆணி அடித்தோம்.
தலைக்கு மாவு தூவினோம்.
பால்ட்ஸ் சுற்றி வந்தான், இரைத்தான், துடைத்தான்.
இடது. வலது. மறுபடி இடது.
ஃப்ரிடோலின்கூடச் சிரிக்கவில்லை.
எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.
அந்த மௌனத்தில் ஒரு சிறுமி:
"அது மாவு."

பால்ட்ஸ் தலையைத் தொட்டான், விரலை நக்கினான்.
"மாவுதான்," என்றான், காது சிவந்து.
தப்பு செய்தவனின் அவசரத்தில்
கோட்டை அலமாரியெதிரே உதறினான்.

உள்ளே பள்ளி ஆசிரியர் ஸ்வீஃபெல்
நாற்பது நிமிடமாய் உட்கார்ந்திருப்பவர்போல்
ஒரு தும்மல் தும்மினார்.

பிரதியில் தும்மல் இல்லை.
தும்மினால் என்ன என்பதும் இல்லை.
பால்ட்ஸ் அலமாரியைப் பார்த்தான்.
நன்றாக வளர்க்கப்பட்ட பையன்.
"நலமாயிரும், ஐயா," என்றான்.
"நன்றி," என்றது அலமாரி.

நாடகம் முடிய இன்னும் பதினொரு நிமிடம்,
அதில் இவனுக்கு எதுவும் தெரியக் கூடாது.
ரேகுலா குனிந்து என் பெட்டியைப் பார்த்தாள்.
பால்ட்ஸும் பார்த்தான்.
அலமாரிக் கதவு ஒரு விரல் அளவு திறந்து
அதுவும் பார்த்தது.

கைவிளக்கை அணைத்தேன்.
எடுத்துக் கொடுக்க என்னிடம் அடி இல்லை.
இருநூறு பேரோடு
இருநூற்றொன்றாவது ஆளாய்
மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.